தட்டில் பூத்த கை

முதலியார்பேட்டை
5.2.2024, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கொச்சியில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் அம்மா காதில் விழும். அவள் தூங்கியதும் எழுதுகிறேன்.

உன் கண்காட்சிக்கு இன்று எங்கள் வகுப்பையே அழைத்துப் போனார்கள். தேங்காய்த்திட்டுத் துறைமுகத் தண்ணீரில் நனைத்த கைகளைக் கடல்பாசிக் கூழ் ஊற்றி உறையவைத்த தட்டுகளில் பதிய வைத்தாயே, அவற்றில் கிருமிகள் வளர்ந்து விரல் விரலாக நிறம் பிடித்திருக்கின்றன. எல்லோரும் எங்கள் வகுப்பு மாலாவின் தட்டைத்தான் படம் எடுத்தார்கள். "பாத்தியாடி, என் கை பூத்து நிக்குது. சொந்தத் தங்கச்சி கைய எங்கடி காணோம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

நானும்தான் அன்று கையை நீட்டினேன். "நீ வேணாம் போ" என்று தள்ளிவிட்டாய். அவள் மணிக்கட்டை மட்டும் பிடித்துப் பதித்தாய். ஏன் அக்கா?

ஒரு சந்தேகம். மூடியைச் சுற்றி ஒட்டிய டேப்பைப் பிரித்து யாராவது தட்டைத் தொட்டால் தெரியுமா?

உன்
வேணி

முதலியார்பேட்டை
10.2.2024, இரவு

அக்கா,

தொட்டது நான்தான். மாலாவின் கைக்குப் பக்கத்தில் என் கட்டைவிரலை அழுத்திவிட்டேன்.

டியூஷன் என்று சொல்லிவிட்டு இன்று போய்ப் பார்த்தேன். என் விரல் மஞ்சளாகப் படர்ந்து அவள் சுண்டுவிரலைத் தின்றுவிட்டது. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் காவலுக்கு இருக்கும் பக்கிரி அண்ணன், "இது யாரு விரலும்மா, புதுசா மொளச்சிருக்கு?" என்றார். கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டேன். அது நாளுக்கு நாள் வளர்கிறது அக்கா. அம்மாவிடம் சொல்லிவிடாதே.

உன்
வேணி

கொச்சி
14.2.2024

பயந்தாங்கொள்ளி வேணிக்கு,

கண்காட்சியிலிருந்து தட்டின் படம் அனுப்பினார்கள். அவ்வளவு குட்டி விரல் வேறு யாருக்கு? யாரிடமும் சொல்லமாட்டேன். தட்டு அப்படியே இருக்கட்டும்.

உன்னை ஏன் விடவில்லை என்கிறாய். படகு எண்ணெயும் ஊர்ச் சாக்கடையும் கலக்கிற தண்ணீர் அது. அதில் உன் கையை விட எனக்கு மனசு வரவில்லை. மாலா அவள் அம்மாவோடு தினமும் அங்கே மீன் அலசுகிறவள், அவளுக்கு அது பழகிப்போனது. இனித் தட்டைத் தொடாதே. சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவு.

அன்பு முத்தங்களுடன்,
அமுதா

முதலியார்பேட்டை
19.2.2024, இரவு

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று அவளுக்குக் கிடைத்துவிட்டதாக இத்தனை நாள் எரிந்துகொண்டிருந்தேன்.

இன்று பள்ளியில் மாலாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. "என்னாடி இது?" என்றேன்.

"எப்பவும் இருக்கறதுதான். அமுதாக்கா இதப் பாத்துட்டுதான் தண்ணில வுடச் சொன்னாங்க" என்றாள். பிறகு, "லெட்டர் வந்துச்சாமே. என்னப் பத்திக் கேட்டாங்களாடி?" என்றாள்.

கேட்டாய் என்று சொன்னேன்.

வேணி