பனி நடக்கிறது, காதர் நானா

என் பிரியத்துக்குரிய காதர் நானாவுக்கு,

“வாத்தியாரே, மலையிலேருந்து ஐஸ் நடந்து கடலுக்கு வருதுன்னா நம்புவீங்களா?”

ஜொகூர் பாரு காப்பிக் கடையில் நீங்கள் என்னிடம் கேட்டது. கப்பலில் சமையல் வேலை பார்த்து, அலாஸ்காக் கரைவரை போய்த் திரும்பியிருந்தீர்கள்.

நானோ பாடம் நடத்தத் தொடங்கிவிட்டேன். சிங்கப்பூரிலிருந்து மரத்தூளில் பொதிந்து வரும் ஐஸ் கட்டியைக் காட்டி, “இது நடந்தா வந்துச்சு? லாரியிலதானே வந்துச்சு?” என்றேன். கடையே சிரித்தது. அதன்பின் நீங்கள் கடல் கதை எதுவும் சொல்லவில்லை. வீட்டில்கூட வாய் திறக்கவில்லை என்று, நீங்கள் மறைந்த பிறகு ஆமினா அண்ணி சொன்னார். என்னால்தானே, நானா?

இப்போது செய்தி கேளுங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என்னை ரப்பர் வியாபாரி ஒருவர், பேச்சுத் துணைக்கும் கடிதம் எழுதவும் அதே கரைக்கு அழைத்துப் போனார்.

கப்பலருகே ஒரு திமிங்கலம் எழுந்து மூச்சு விட்டது. சாரல் எங்கள் மேல் அடித்தது. முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு, “அலமாக்! பெலாச்சான் வறுக்கிற மாதிரில்ல நாறுது!” என்றார். எனக்கு அந்த இறால் விழுது நாற்றம் உறைக்கவே இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு, எத்தனை நிதானமாகத் திரும்பிற்று!

மறுநாள் ஆணி அடித்த சப்பாத்தோடு, மலையிலிருந்து கடல்வரை நீளும் பனியாற்றின் மேல் நடந்தோம். வழிகாட்டி ஒரு கம்பைக் காட்டினார். போன கோடையில் கரையிலிருந்த கரும்பாறைக்கு நேரே பனியில் நட்டதாம். இப்போது பாறையைத் தாண்டி, கடல் பக்கமாக நின்றது. காலால் அளந்தேன்; நாற்பது தப்படி. தட்டைச் சாய்த்தால் கெட்டிப் பாகு மெல்ல இறங்குமே, அப்படித்தான். வகுப்பில் எத்தனை முறை செய்து காட்டியிருக்கிறேன். அன்று ஏன் அது நினைவுக்கு வரவில்லை?

ஊர் திரும்பியதும் அதே கடையில் எழுந்து நின்று, “காதர் நானா சொன்னது உண்மை. தப்பு என்னோடது” என்றேன்.

கடைக்காரர் காப்பி ஆற்றிக்கொண்டே, “கப்பல் ஏறினா எல்லாருக்கும் இப்படி ஆயிடும் போல லா!” என்றார். மறுபடி சிரிப்பு. இம்முறை என்னைப் பார்த்து. நானும் சேர்ந்து சிரித்தேன்.

நேரே உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி கடைசிவரை கேட்டார். “எங்கிட்ட அவங்க சொல்லாம விட்டதையெல்லாம் நீங்க சொல்லுங்க, தம்பி” என்றார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் வந்து சொல்வேன், நானா. இது வாக்கு.

இதைப் படிப்பவர்களுக்கும் ஒன்று: இன்று யாராவது நம்ப முடியாத ஒன்றைச் சொன்னால், மறுத்துப் பேசும் முன் “அப்புறம்?” என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் தம்பி,
வேலாயுதம்