நான்காம் தரக் கட்டிக்கு நாள் குறிக்க முடியாது என்று எழுதித் தரக் கோரி

மனுதாரர்:
மூக்கம்மாள்,
காலஞ்சென்ற கோட்டைச்சாமி அவர்களின் சம்சாரம்,
கடமலைக்குண்டு, பெரியகுளம் தாலுகா, மதுரை ஜில்லா.

சமூகம்:
பிரதம சர்ஜன் அவர்கள்,
வைகைக்கரை தர்ம ஆஸ்பத்திரி, மதுரை ஜில்லா.

விஷயம்: தொண்டைக்கட்டி நோயாளி சுருளியாண்டி, தை மாதத்துக்குள் இறந்துபோவார் என்று தங்களால் சொல்லப்பட்டவர், இறக்காதது பற்றியும், அதனால் எங்கள் குடும்பத்துக்கு ஏற்பட்டுள்ள இடைஞ்சல் பற்றியும்.

கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு,

1. மேற்படி சுருளியாண்டி என் மூத்த மகன். வயது நாற்பத்தாறு. உயிரோடு இருக்கிறான். இன்று காலையில் ஒரு செம்பு கம்மங்கூழ் குடித்துவிட்டு உழவுக்குப் போயிருக்கிறான். தங்கள் கணக்கில் அவன் இருக்கமாட்டான் என்பதால் இதை முதலில் தெரிவிப்பது முறை என்று நினைக்கிறேன்.

2. தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவர், "தங்கள் பாதத்தில் விழுந்து கதறி" என்று ஆரம்பித்தார். நான் கதறவில்லை. ஆகையால் காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்து நானே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு தேறியவள். பிழை இருந்தால் அது என்னுடையது. மற்றபடி விஷயத்தில் பிழை இல்லை.

3. இரண்டு வருஷத்துக்கு முன், பிரமாதி வருஷம் ஆவணியில், என் மகனுக்குக் குரல் கம்மி, எச்சில் விழுங்கவும் முடியாமல் போய்த் தங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். அவனுடைய மகள் மலையம்மாளுக்குப் பரிசம் போட்டு, அடுத்து வரும் அந்தத் தையில் கலியாணம் என்று நிச்சயமாகியிருந்த நேரம். மாப்பிள்ளை கர்ணனின் தகப்பனார், ஜெயமங்கலம் சங்கரலிங்கம், எங்களுக்கு ஒத்தாசையாகக் கூட வந்தார். தொண்டையில் சதை கிள்ளிச் சென்னப்பட்டணத்துக்கு அனுப்பினீர்கள். ஒரு மாதம் படுக்க வைத்து எக்ஸ்ரே ஒளி காட்டினீர்கள். அதற்கு எங்கள் குடும்பம் தங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை.

4. குறை இதுதான். பட்டணத்திலிருந்து பதில் வந்த அன்று தாங்கள் வார்டுக்கு வந்தபோது, கட்டிலின் பக்கத்தில் நான் நின்றேன். எனக்குப் பின்னால் சங்கரலிங்கம் நின்றார். தாங்கள் என்னைத் தாண்டி அவரைப் பார்த்து, வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் போய், கட்டி நான்காம் தரம், தை தாண்டாது என்று சொல்லிவிட்டீர்கள். மீசை வைத்த ஆள் ஒருவர் நின்றால் அவர்தான் வீட்டுக்குப் பெரியவர் என்று எவரும் நினைப்பார்கள். தங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவர் எங்கள் வீட்டு ஆள் அல்ல, சம்பந்தக்காரர். பெற்றவளுக்குத் தெரியுமுன்னே பெண் எடுக்கப்போகிறவருக்குத் தெரிந்துவிட்டது.

5. அவர் ஊருக்குப் போன கையோடு கலியாணத்தை நிறுத்தினார். எங்கள் வீட்டுக்கு வந்து மரியாதையாகவே சொன்னார்: "முகூர்த்தக்கால் ஊனுன வீட்டுல சாவு விழுந்தா ரெண்டு வீட்டுக்கும் ஆகாதுத்தா. பெரிய டாக்டரே சொல்லிட்டாக. முடியட்டும், வருசம் திரும்புனதும் வச்சுக்கிருவோம்." முடிந்தால் அல்லவா வருஷம் திரும்புவதற்கு. முடியவில்லை. அந்தத் தை போயிற்று. அடுத்த தையும் போயிற்று. பரிசம் போட்ட பெண்ணை வேறு இடத்தில் கொடுக்கவும் முடியாது. எங்கள் ஊர் மொக்கம்மாள் என்கிறவள் கிணற்றடியில் என் பேத்தியிடம், "ஏடி, உங்கப்பன் என்னைக்கு வழி விடுறதா இருக்காரு?" என்று கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதுவது மரியாதையாக இராது.

6. சங்கரலிங்கம் கெட்டவர் அல்ல. ஒவ்வொரு அமாவாசை கழிந்தும் தவறாமல் வந்து நோயாளியைப் பார்க்கிறார். ஆரஞ்சுப்பழம் கொண்டுவருகிறார். முகத்தைப் பார்க்கிறார், காலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு எழுந்து, "போயிட்டு வாரேன்" என்று சொல்லாமல் போய்விடுகிறார். எங்கள் பக்கத்தில் இழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்தான் அப்படிச் சொல்லாமல் போவது. அவர் முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டார். வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. வாய் தானாக அடைத்துக்கொண்டிருக்கும்.

7. என் மகனிடம் அதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. தொண்டைப்புண், ஆறிக்கொண்டு வருகிறது என்று சொல்லி வைத்திருந்தோம். மூன்றாம் தடவை சம்பந்தி சொல்லாமல் போனபோது அவன் என்னைக் கூப்பிட்டான். குரல் காற்றாகத்தான் வரும், பக்கத்தில் காது கொடுக்க வேண்டும். "ஆத்தா, அந்த மனுசன் நம்ம வீட்டுல சொல்லிக்கிடாமப் போறாரே, நான் செத்துட்டனா?" என்றான். "கூறுகெட்டவனே, செத்தவனுக்கு யாரு ஆரஞ்சு கொடுப்பா" என்றேன். அவன் சிரித்தான். அன்றைக்கு அவனுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. இதையும் தாங்கள் அறிந்திருப்பது நல்லது.

8. போன பங்குனியில் நான் மட்டும் தங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். தாங்கள் வெளியூருக்குக் காம்ப் போயிருந்தீர்கள். சின்ன டாக்டர் ஒருவர் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். கிள்ளிய சதை பூதக்கண்ணாடியில் நல்ல சதை மாதிரியே தெரிந்தால் ஒன்றாம் தரமாம். இன்னது என்று அடையாளமே தெரியாமல் மாறிக் கிடந்தால் நான்காம் தரமாம். "நாலாந்தரக்காரங்க பத்துப் பேருல ஒம்பது பேரு வருசம் தாண்டுறதில்ல பாட்டி. ஆனா ஒளிக்கு வேகமாக் கரையுறதும் அதுதான். திரும்பி வருமா வராதான்னு யாராலும் சொல்ல முடியாது." அப்படியானால் பத்தாவது ஆளுக்கு என்ன சொல்லி அனுப்புவீர்கள் என்று கேட்டேன். அதை எழுதித் தரப் பெரிய டாக்டருக்குத்தான் அதிகாரம் என்றார். நல்ல பிள்ளை. அவர்மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம்.

9. என் மகனால் இப்போது காளைகளை அதட்ட முடியாது. கைதட்டினால் திரும்புகிற மாதிரி பழக்கி வைத்திருக்கிறான். தானே உழுகிறான், தானே சாப்பிடுகிறான், கெட்டியாக உள்ளதை மட்டும் விழுங்க மாட்டான். இவனைத்தான் ஒரு ஜில்லாவே செத்துப்போகட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறது. ஜில்லா என்றது கோபத்தில் எழுதியது. ஜெயமங்கலம் மட்டும் என்று வாசித்துக்கொள்ளவும்.

10. இன்னொன்று. இதை மறைத்துத் தங்களிடம் காகிதம் வாங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த ஆடி கடைசியில் அவனுக்கு எண்ணெய் தேய்க்கும்போது, இடது காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவு ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. அமுக்கினால் வலியில்லை, நகரவில்லை. அவன் என் கையைப் பிடித்து எடுத்துவிட்டு, துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டான். அன்றுமுதல் துண்டு கழுத்தில்தான் இருக்கிறது. அவன் சம்சாரம் மாயக்காளுக்கும் தெரியாது. நானும் அவனும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

ஆகையால் தங்களைக் கேட்டுக்கொள்வது என்னவென்றால்: வருகிற செவ்வாய்க்கிழமை அவனை வண்டி கட்டிக் கூட்டிவருகிறேன். தங்கள் கையாலேயே கழுத்தைப் பார்க்கவேண்டும். பார்த்தது நல்லதானாலும் கெட்டதானாலும் அவனிடமே, தமிழில், முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அவன் தாங்குவான். நான் பக்கத்தில் இருப்பேன்.

சங்கரலிங்கம் அவர்களுக்குத் தனியாக ஒரு காகிதம் வேண்டும். அதில் என் மகன் பிழைப்பான் என்று எழுதவேண்டாம். பொய் எழுதித் தரும்படி ஒரு சர்ஜனைக் கேட்கிறவள் நான் இல்லை. கட்டிக்குத் தரம் உண்டு, ஆளுக்கு நாள் குறிக்க எங்களுக்குத் தெரியாது, அன்றைக்குத் தை என்று சொன்னது எங்கள் யூகம் என்று மட்டும் எழுதி, ஆஸ்பத்திரி முத்திரை வைத்துத் தரவேண்டும். தங்கள் வாயால் சொன்னதை நம்பித்தான் அவர் நிற்கிறார். எங்கள் பேச்சை அவர் கேட்கமாட்டார், தாங்கள் எழுதினால் கேட்பார்.

புரட்டாசியில் கலியாணம் வைக்கமாட்டோம். ஐப்பசியில் முதல் முகூர்த்தம் இருக்கிறது. என் மகன் எத்தனை காலம் இருப்பான் என்பது இந்த மனுவில் கேட்கப்படவில்லை. தன் மகளை அவன் கையால் தாரை வார்க்கவேண்டும் என்பதே கேட்கப்படுகிறது. ஆகையால் காகிதம் சீக்கிரம் வேண்டும்; ஏன் சீக்கிரம் என்பது பத்தாவது பத்தியைப் பார்த்தால் தங்களுக்கே விளங்கும்.

இடம்: கடமலைக்குண்டு
தேதி: விஷு வருஷம் ஆவணி மாதம் 25

இப்படிக்கு,
கோ. மூக்கம்மாள்
(சுருளியாண்டியின் தாயார், வீட்டுக்குப் பெரியவள்)