அம்மாவின் ஆபரேஷன் மாத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு, ஒரகடத்துலருந்து பேச்சிராஜ். இடுப்புல ஆபரேஷன் பண்ண இடம் ஆறிட்டா? அய்யா நேரத்துக்குச் சாப்பிடுதாகளா? போன்ல பேசுனா என் குரலே காட்டிக் குடுத்துரும், அதான் எழுதுதேன்.

பெருசா ஒண்ணுமில்ல. கம்பெனியில மிஷின் லைன்ல வேலை பார்த்து நின்னுக்கிட்டே கண்ணு செருகி விழுந்துட்டேன். மூச்சு ரொம்ப மெதுவாத்தான் வந்துச்சாம். ரூம்ல இருக்க அருள்பாண்டிக்குக் கை ஒடிஞ்சப்போ டாக்டர் எழுதிக் குடுத்த வலி மாத்திரைய, ராத்திரியும் சேர்த்து ஓ.டி. வேலை பார்க்க ஆளுக்கொண்ணு போட்டுப் பழகிட்டோம். அவன் கை கூடிருச்சு. எனக்குத்தான் இப்ப அது இல்லாட்டி உடம்பு நடுங்குது, ரெண்டு மூணு போட்டாலும் பத்தல.

யார்கிட்டயாவது உன் பழைய சேலை ஒண்ணு குடுத்துவிடு, போத்திக்கிடுதேன்.

ஆபரேஷன் வலிக்கு உனக்குக் குடுத்ததும் அதே மாத்திரைதாம்மா. நான் பொங்கலுக்கு வர்றதுக்குள்ள மிச்சத்த வீட்டுல இல்லாம பண்ணிரு. கம்பெனி பஸ் வந்துட்டு. உன் கால்ல விழுந்து அழுதாலும் எனக்குக் குடுத்துராத.