அடிக்கோலால் அளந்த தூரம்

ஐப்பசி 12, செவ்வாய்

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் மாரிமுத்து காலையில் ஆபீசுக்கு, கணக்கு எழுதும் என்னிடம் வந்தான். பெண்சாதிக்கு இரவு முழுக்கப் பிரசவ வலியாம். "கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு எம்புட்டு நேரமாகும், கிராணி ஐயா?" சுவர் வரைபடத்தில் அடிக்கோலை வைத்துப் பார்த்தேன். இருபத்தைந்து மைல். "லோரியில் ஒன்றரை மணி. பால் எடை போட்டதும் போகலாம்" என்றேன்.

ஆகாய விமானத்துக்கு அந்தக் கணக்குச் சரி. லோரிக்கு நடுவில் ஆறு இருக்கிறது. அவர்கள் துறைக்குப் போனபோது கடல் வற்றத்தோடு ஆற்றுத் தண்ணீரும் இறங்கி, லோரி ஏற்றும் மிதவை சேற்றில் உட்கார்ந்துவிட்டது. காலையிலேயே விட்டிருந்தால் தாண்டியிருப்பார்கள்.

பொழுது சாயத் திரும்பி வந்தான். "தண்ணி ஏறுறதுக்குள்ள ரெண்டு உசுரும் போயிருச்சுங்க. ஐயா கணக்குல தப்பில்லை, எங்க நேரம் அப்படி" என்று என்னையே தேற்றினான்.

வரைபடத்தில் ஆறு நீலமாகத்தான் போட்டிருக்கிறது. என் அடிக்கோல் அதன் மேலேதான் கிடந்தது.