இரட்டைப்புரிச் சணல்

அடையாறு
12.8.1978

அன்புள்ள அம்மாவுக்கு, தங்கம் வணக்கத்தோடு எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

செவ்வாய்க்கிழமை என் ஆராய்ச்சித் தலைப்பைப் பேராசிரியரிடம் விளக்க வேண்டியிருந்தது. டி.என்.ஏ.வின் முறுக்கு மாறினால் மரபணுவைப் படியெடுப்பதும் மாறுமா என்பதே என் கேள்வி. "புரியலையேம்மா" என்றார். தலைப்பே போய்விடுமோ என்று பயந்து, பார்சல் கட்டிய இரட்டைப்புரிச் சணலை எடுத்து ஒரு முனையை அவரிடம் கொடுத்தேன். நான் மறுமுனையை முறுக்குக்கு எதிராகத் திருகியதும் நடுவில் புரிகள் விலகின.

"அந்த இடைவெளியில்தான் படியெடுக்க முடியும், சார்."

"நம்ம உடம்பு செல்லிலயும் இப்படித்தானா?"

"தெரியலை சார். பார்க்கணும்."

"அப்ப பாருங்க" என்று சிரித்துக் கையெழுத்துப் போட்டார்!

அதனால் தீபாவளிக்கு வர முடியாது. மாமாவிடம் சுக்குப்பொடி கொடுத்தனுப்புங்கள். உங்கள் பழைய சேலை ஒன்றும் வையுங்கள். துவைக்க வேண்டாம்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

தங்கம்