பூட்டுக்கு உள்ளே நிற்கும் பைக்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் அப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. உறையில் இங்கிலாந்து முத்திரை இல்லாமல் நீங்கள் இருக்கிற சுவிஸ் முத்திரையே இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். இரண்டு கிழமையாக இங்கே சுவிஸ் மலைப்பக்கம், எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறேன். போனில் சொன்னால் அப்பா ஸ்பீக்கரில் போடுவார், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் நான் பைக் ஓடிய ஸ்பீட்வே பந்தயக் கிளப்பை மூடிவிட்டார்கள். பார்க்க வரும் சனம் குறைந்து கட்டுப்படியாகவில்லை. லீக்கை நடத்துவதும் கிளப் முதலாளிகள்தான். உதவி கேட்டபோது ஆளாளுக்குத் தன் கிளப்பை நினைத்தே வாக்களித்தார்கள். அடுத்த நாளே நிலக்காரர் மைதானத்தைப் பூட்டிவிட்டார். மற்ற ஓட்டக்காரர் பைக்கைச் சொந்த வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள். எனக்கு வாகனம் இல்லை, அங்கேயே விட்டிருந்தேன். "பிரேக்கே இல்லாததை ஏன்ரா ஓட்டுறாய்" என்று ஏசிக்கொண்டே அப்பா கீழ்த்தளக் கெல்லரில் பொருத்தித் தந்த அதே பைக்.

அப்பா என் ஓட்டம் பார்க்க எடுத்த லண்டன் ரிக்கெற்றை ஏதாவது சாட்டுச் சொல்லி நிற்பாட்டுங்கோ. தடித்த காலுறை இரண்டு சோடியும் மிளகாய்த்தூளும் அனுப்புங்கோ.

செவ்வாய் எனக்கு லீவு. எங்கட வீட்டடியில், பீலில் காலையில் ரயில் ஏறினால் மத்தியானம் இங்கே இறங்கலாம். வரச் சொல்லவில்லை, ரயில் நேரம் பார்த்து வைத்திருந்தேன், அதுதான் எழுதினேன்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

சயன்