வலப்பக்க ஸ்பீக்கர்

ஐப்பசி, திங்கள் இரவு.

டிவியில் பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்று அப்பா ஒரு வாரமாகப் புலம்புகிறார். சாயங்காலம் ஹோம் தியேட்டர் ரிசீவரின் செட்டிங்ஸைத் திறந்தேன். அதில் ஒவ்வொரு ஸ்பீக்கராக 'உஸ்' என்று ஒரு சோதனைச் சத்தம் வரும். அப்பாவை நடுவில் உட்காரவைத்து, சத்தம் வரும் பக்கம் கைகாட்டச் சொன்னேன்.

இடப்பக்கம் வந்தது, சரியாகக் காட்டினார். வலப்பக்கம் வந்தபோதும் இடப்பக்கமே காட்டினார்.

"அந்த ஸ்பீக்கர் போயிடுச்சும்மா. வேற வாங்கிடு."

வலப்பக்க ஸ்பீக்கரின் மேல் கை வைத்துப் பார்த்தேன். அதிர்ந்துகொண்டிருந்தது. போயிருந்தது ஸ்பீக்கர் இல்லை, அவருடைய வலது காது.

"ஒயர் லூசா இருக்குப்பா, பாக்கறேன்" என்றேன். அந்தப் பக்கத்துச் சத்தத்தை முழுக்க ஏற்றினேன்.

"இப்பவும் வரலியேம்மா" என்றார்.

செவ்வாய்தோறும் விடிவதற்குள் தனியாகக் கிரிவலம் கிளம்பிவிடுவார். சாலையின் இடது ஓரமாகத்தான் நடப்பார். மலை அவருக்கு வலப்பக்கம். பின்னாலிருந்து வரும் பஸ்ஸும் வலப்பக்கம்தான் உரசிக்கொண்டு போகும்.

நாளை செவ்வாய். நானும் வருகிறேன் என்றதற்கு, "உனக்கு ஆபீஸ் இல்லியா?" என்று சிரித்தார். லீவு சொல்லிவிட்டேன். அவருக்கு வலப்பக்கமாகவே நடப்பேன். மலையை மறைக்கிறேன் என்று திட்டுவார். திட்டட்டும்.